அப்பாவுக்குப் பக்கத்து இடம்

சேசு மரி சூசை

கொட்டகலை,
1965 நவம்பர் 7, ஞாயிறு

அன்பு மகன் பிலவேந்திரனுக்கும் மருமகள் அமலோற்பவத்துக்கும் சர்வேசுரனுடைய ஆசீர் உண்டாகட்டும். நான் சுகம். நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று ஜெபமாலையில் ஒரு பத்தை உங்களுக்கென்றே ஒதுக்கிச் சொல்லி வருகிறேன்.

உன் கடிதம் போன மாதம் வந்தது. அதில் தேதி இல்லை. தபால் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் எப்போது எழுதினாய் என்று தெரிந்துகொண்டேன். பொன்மலை ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கிறவன் இப்படி எழுதலாமா? கையெழுத்து மட்டும் இன்னும் அப்பாவுடையது போலவே இருக்கிறது. அதற்காக மன்னித்தேன்.

இந்தியாவுக்கே வந்துவிடச் சொல்லி, "இனி அங்கே உங்களுக்கு என்ன இருக்கிறது அம்மா, அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு குழியைத் தவிர?" என்று கேட்டிருந்தாய். பெற்றவளுக்கு எழுதும் கடிதத்தில் குழி என்ற சொல் எதற்கு? இடம் என்று எழுதியிருக்கலாம். அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதை நான் கொடுத்துவிட்டேன். வேறு யாராவது எழுதி உனக்குத் தெரிய வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன். கோபப்படுவதானால் முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படு.

இங்கே மழை விட்டபாடில்லை. துணி காய மூன்று நாள் ஆகிறது. முழங்கால் வலி அப்படியேதான். நீ அனுப்பிய தைலம் வாசனையாக இருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் போய், மிச்சத் தூரம் ஏறி நடந்து, நம் பழைய தோட்டத்துக் கோவிலில் பாலர் சபையை நடத்துகிறேன். சாமியார் பூசைக்கு வருவது மாதத்துக்கு ஒருமுறைதான். மற்ற வாரங்களில் ஞானோபதேசமும் மந்திரமும் என் பொறுப்பு.

இந்த வருட ஆரம்பத்தில் மடத்துச் சகோதரிகள் அனுப்பும் பத்திரிகையில் ஒரு செய்தி வாசித்தேன். தூர தேசத்தில் ஏதோ ஒரு பங்கில், பிள்ளைகள் தங்கள் காலத்துப் பொருள்களை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி, கோவில் படிக்கட்டுக்கு அடியில் புதைத்தார்களாம். வெகு காலம் கழித்துத் திறப்பார்களாம். இதை நான் ஒரு கதையாகத்தான் சொன்னேன். அடுத்த ஞாயிறு எல்லாரும் வரிசையாக வந்து நின்று, "நம்ம பொட்டிய எப்பம்மா பொதைக்கப் போறோம்?" என்று கேட்கிறார்கள். காலப்பேழை என்று நல்ல தமிழில் ஒரு பெயர் சொல்லிக் கொடுத்தேன். ஒருத்தர் வாயிலும் அது தங்கவில்லை. பொட்டி, பொட்டிதான்.

போன வருடம் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட பிறகு லயத்து வரிசை வீடுகளில் வேறு பேச்சே கிடையாது. யார் அங்கே, யார் இங்கே என்பதுதான். தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் சந்தியாகுவை உனக்கு நினைவிருக்கும். அவன் முந்தியே இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவன். நவம்பர் முதல் வாரம் புறப்பட வேண்டுமென்று அவனுக்கு உத்தரவு வந்துவிட்டது. அவன் மூத்த மகள் செங்கோல்மேரி என் வகுப்பில் இருக்கிறாள். பதினொரு வயது. கணக்கில் கெட்டி, வாய் அதைவிடக் கெட்டி. அவள் என்னிடம் வந்து, "பொட்டிய நாங்க போறதுக்கு முந்தியே பொதைச்சிரணும்மா. நான் என் கண்ணால பாக்கணும். இல்லாட்டி நீங்க சும்மா சொன்னீங்கன்னுதான் நெனைப்பேன்" என்றாள். நான் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கப்பல் ஏறுவதா? அன்றைக்கே நாள் குறித்தேன். அக்டோபர் கடைசி ஞாயிறு, கிறிஸ்து அரசர் திருநாள், தோட்டத்துக் கோவில் வாசற்படிக்குக் கீழே. இருபத்தைந்து வருடம் கழித்து, அதே திருநாளில் திறப்பது.

விதிகளை நான்தான் போட்டேன். விலைக்கு வாங்கின பொருள் கூடாது. அழுகிற பொருள் கூடாது. வீட்டில் கேட்காமல் எடுத்து வந்தது கூடாது. ஒருவன் தீப்பெட்டிக்குள் அட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து, "இதுவும் நம்ம தோட்டத்து ஆளுதானேம்மா" என்றான். திருப்பி அனுப்பினேன். முனை உடைந்த கவ்வாத்துக் கத்தி வந்தது, சிலேட்டுத் துண்டு வந்தது, தேயிலை விதை வந்தது, ஓரம் கரிந்த மாதா படம் வந்தது. செங்கோல்மேரி தன் அம்மாவின் கொழுந்துக் கூடைக் கயிற்றில் ஒரு சாண் வெட்டிக் கொண்டுவந்தாள். தலையில் கிடந்து கிடந்து அது பட்டுப் போல் வழவழத்திருந்தது.

அழகுமுத்து என்று ஒரு பையன். வேதக்காரன் அல்ல. வகுப்பு முடிந்ததும் கொடுக்கும் பணிஸ் ரொட்டிக்காகத்தான் வருகிறேன் என்று அவனே ஒளிவுமறைவில்லாமல் சொல்வான். அவன் அம்மா ராக்காயி, மாரியம்மன் கோவில் விபூதியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். செங்கோல்மேரி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவன் பொருளை எடுக்கலேன்னா என் கயித்தத் திருப்பிக் குடுத்துருங்கம்மா" என்றாள். சின்னப் பிள்ளை என்னை மிரட்டுவதா என்று கோபம்தான் வந்தது. ஆனால் என் விதிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். விபூதி விலைக்கு வாங்கினதல்ல. அழுகாது. வீட்டில் கேட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறான். நான் போட்ட விதியை நானே மீற முடியாதல்லவா? உள்ளே வைத்தேன்.

பெட்டியை பஜாரில் மஃறூப் முதலாளி கொடுத்தார். பெரிய சதுர பிஸ்கட் டின். "பிஸ்கட்ட விட்டுட்டு டின்ன மட்டும் கேக்குற ஆளு இந்த பஜார்லயே நீங்க ஒராள்தாம்மா" என்று சிரித்துக்கொண்டே துடைத்துத் தந்தார். ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடிக்கும் கந்தப்பன், பெட்டிகளுக்கு உள்ளே போடுகிற ஈயத்தாளை டின்னுக்குள் விரித்து, மூடியைச் சுற்றிலும் ஈயம் உருக்கி ஒட்டிவிடுவதாக ஏற்றுக்கொண்டான். "கப்பல்ல லண்டன் போயிச் சேர்ற வரைக்கும் தூள் நமுக்காதும்மா. இதுக்கென்ன, சும்மா மண்ணுல கெடக்கப் போகுது" என்றான்.

எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் நாகலிங்கம் வீட்டுக்கு வந்தார். தோட்டத்து ஆபீசில் அப்பாவின் பெரிய கிளாக்கர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல், "துரை வேணாங்கிறாரும்மா. லயத்துப் புள்ளைக பேரெழுதித் தோட்டத்து மண்ணுக்குள்ள வச்சா, பின்னாடி இது எங்க மண்ணுன்னு கேட்டு வந்துருவாங்கன்னு பயப்படுறாரு" என்றார். ஒரு பிஸ்கட் டின்னை வைத்துத் தோட்டத்தைப் பிடித்துக்கொள்வார்களா என்று கேட்டேன். "நாஞ் சொல்லலம்மா, அவரு சொல்றாரு" என்றார். கோவில் நம்முடையது என்றேன். கோவில் நிற்கிற மண் தோட்டத்துடையது என்றார்.

மறுநாள் வெள்ளைச் சேலை உடுத்தி, குடை பிடித்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். துரை இளைஞர், மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று வரவேற்றார், தேநீர் வரவழைத்தார். மடத்தில் கற்ற ஆங்கிலம் எனக்கு இன்னும் துருப்பிடிக்கவில்லை. பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போகிறவர்கள் போகிறார்கள், அதற்குப் பிறகு அவர்களுடைய பெயர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்டதாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று தலைமுறையாக அந்தப் பெயர்களைத் தினமும் காலையில் கூப்பிட்டு வேலை வாங்கினீர்கள், அப்போது மட்டும் பெயர்களுக்கு வேலை இருந்ததா என்று கேட்டேன். அவர் வருந்துவதாகச் சொன்னார். தேநீரைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

அதன் பிறகு ஒரு வாரம் இடம் தேடி அலைந்தேன். பங்குக் கோவில் வளவில் வைக்கலாமா என்று சாமியாரைக் கேட்டேன். அங்கே புது மண்டபம் கட்டப்போகிறார்கள், எங்கே தோண்டுவார்கள் என்று அவருக்கே தெரியாது. மஃறூப் முதலாளி தம் கடைக்குப் பின்னால் புதைக்கச் சொன்னார். சொல்லிவிட்டு, "ஆனா ஒண்ணும்மா, கடையே வாடகைக் கடை. ஓனர் எந்திரிக்கச் சொன்னா நானும் பொட்டியும் ஒண்ணாத்தான் எந்திரிக்கணும்" என்றார். ரோட்டோரம் ரோட்டு இலாகாவுக்குச் சொந்தம். ஆற்றோரம் அரசாங்கத்துக்குச் சொந்தம். இத்தனை மலையில் இந்தப் பிள்ளைகள் ஒரு டின்னை வைக்க ஓரடி மண் அகப்படவில்லை.

திருநாள் ஞாயிறு வந்தது. பெட்டி ஒட்டாமல், புதைக்காமல் பீடத்துக்கு அருகில் இருந்தது. சந்தியாகு குடும்பம் வியாழக்கிழமை ரயிலேற வேண்டும். வகுப்பு முடிந்தும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. செங்கோல்மேரி மட்டும் முன்னால் வந்தாள். வாய்க்கு வாய் பேசுகிறவள், அன்றைக்கு மெதுவாகக் கேட்டாள்: "உங்களுக்கும் எங்களாட்டம் சொந்தமா மண்ணு இல்லையாம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. பெரிய கிளாக்கர் மனைவி என்று இந்தத் தோட்டத்தில் எத்தனை வருடம் தலை நிமிர்ந்து நடந்தேன்! அந்த வீடும் தோட்டத்துடையது. அப்பா கண்மூடியதும் காலி செய்தோம். இப்போது இருப்பது வாடகை வீடு. ஆனாலும் இல்லை என்று சொல்ல என் நாக்கு மறுத்தது. "எனக்கு இருக்கிறது" என்றேன். யோசிக்காமல் பேசும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்றைக்குப் பேசிவிட்டேன். பேசின பிறகுதான் யோசித்தேன். யோசித்துப் பார்த்தாலும் அது சரியாகவே இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில், அப்பாவே நம் பெயருக்கு எழுதி வாங்கிய இடம். இந்த நாட்டில் நம் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரே மண்.

அன்று மாலையே சாமியாரிடம் போனேன். மந்திரித்த நிலத்தில் மரித்தவர்களைத் தவிர வேறெதையும் வைக்கும் வழக்கமில்லை என்றார். இவர்களும் பிரிந்து போகிறவர்கள்தானே சாமி என்றேன். விபூதியைப் பற்றியும் சொன்னேன். மறைத்துக் காரியம் சாதிப்பது என் வழக்கமல்ல. அவர் தாடியைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, பெட்டி சிறியதுதானே, அடியில் வைத்துவிட்டால் பின்னால் உங்களுக்கும் இடமிருக்குமே என்றார். அதெப்படி ஆகும்? பெட்டிக்கு மேல் என்னை வைத்தால், இருபத்தைந்து வருடம் கழித்துப் பிள்ளைகள் என்னை எழுப்பிவிட்டுத்தான் அதை எடுக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பினால் எனக்குப் பிடிக்காது என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அப்ப நீங்க எங்கம்மா போவீங்க?" என்று கேட்டார். பொது வரிசை இருக்கிறது, அங்கே கிடப்பவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான் என்றேன். சம்மதித்தார்.

அப்பாவிடம் கேட்டீர்களா என்று நீ கேட்பாய். கேட்டேன். அவர் உயிரோடிருந்த காலத்திலும் நான் முடிவு செய்த பிறகுதான் அவரிடம் கேட்பது வழக்கம். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

மரித்தோரை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாள் அன்று மாலை வைத்தோம். கந்தப்பன் முதல் நாளே மூடியை ஒட்டி முடித்திருந்தான். நல்ல மழை. கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்திகள் அணைவதும் ஏற்றுவதுமாக இருந்தன. நாகலிங்கமும் வந்திருந்தார். துரைக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அவராகவே மண்வெட்டியை வாங்கி வெட்டினார்.

நான் ஒரு சங்கீதமும் மூன்று அருள் நிறைந்த மந்திரமும் என்று ஒழுங்கு செய்திருந்தேன். சொல்லி முடித்ததும் பிள்ளைகள் கலையவில்லை. தாங்களாகவே இரண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் அவர்களுடைய அப்பா அம்மா நிற்பார்களே, அப்படியே. செங்கோல்மேரி கங்காணியைப் போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். "இருக்கேன்", "இருக்கேன்" என்று ஒவ்வொருத்தராகக் குரல் கொடுத்தார்கள். அழகுமுத்து சத்தம் போதாதென்று இரண்டாம் தடவை கத்த வேண்டியிருந்தது. "நேத்துச் சோறு திங்கலியா நீயி?" என்று கங்காணி பேசும் பேச்சையும் பேசினாள். மழையில் எல்லாரும் சிரித்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் இப்படிக் கூத்தடிப்பதா என்று நான் அதட்ட வாயெடுத்த நேரத்தில், அவள் என்னைப் பார்த்து, அம்மா என்றுகூடச் சேர்க்காமல், வெறும் பெயரை மட்டும், "சலேத்து!" என்று கூப்பிட்டாள்.

இத்தனை வயதில் உன் அப்பாவைத் தவிர ஒருவரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகள் பயந்து என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்கள் சொன்ன மாதிரியே "இருக்கேன்" என்றேன். பிறகு அவள் தன் பெயரைத் தானே கூப்பிட்டு, தானே பதில் சொன்னாள். மண்ணை மூடினோம்.

வியாழக்கிழமை ஸ்டேசனுக்குப் போயிருந்தேன். சந்தியாகுவின் மனைவி அழுதுகொண்டே இருந்தாள். செங்கோல்மேரி அழவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தொறக்குறப்ப எங்களுக்கு யாரும்மா சொல்லிவிடுவாங்க?" என்று கேட்டாள். நீங்கள் இருப்பீர்களா என்று கேட்கவில்லை. அந்த நாசூக்கு அவளுக்கு இருந்தது. என் மகன் சொல்லிவிடுவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டேன், பிலவேந்திரா. அப்பாவின் மகன் நீ, காப்பாற்றுவாய்.

இனி உன் கேள்விக்குப் பதில். நான் வரவில்லை. குழியும் போய்விட்டதே, இனி என்ன தடை என்று நீ வாதாடுவாய். நான் இங்கே இருந்தது அந்த இடத்துக்காகத்தான் என்று நானும் நேற்றுவரை நினைத்திருந்தேன். அது போன பிறகும் எனக்குப் புறப்படத் தோன்றவில்லை. என் வகுப்பில் இன்னும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். யார் எப்போது போவார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது. கடைசிப் பிள்ளை போகிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோவில் கதவைத் திறந்து வைக்க ஒருத்தி வேண்டும். என் பெயருக்கு நீ சீட்டு எடுக்காதே. எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. இதில் மறுபேச்சு வேண்டாம்.

அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன். சந்தியாகு துறையூர்ப் பக்கம் தன் பெரியப்பா மகன் வீட்டை நம்பிப் போகிறான். அந்தப் பெரியப்பா மகனை அவன் பார்த்ததே கிடையாது. ராமேசுவரத்தில் இறங்கினதும் உனக்கு ஒரு கார்டு போடச் சொல்லி, உன் விலாசத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கார்டு வந்தால் உடனே போய்ப் பார். வராவிட்டாலும் போய்த் தேடு. அவனுக்குத் தேயிலை அரைக்கத்தான் தெரியும், அங்கே தேயிலை இல்லை. என்ன வேலைக்குப் போனாலும் முதலில் மூத்த பெண்ணின் படிப்பைத்தான் நிறுத்துவான். நிறுத்த விடாதே.

எனக்கென்று ஓர் அறையை வெள்ளையடித்து, கிழக்கு ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்துப் போட்டிருப்பதாக அமலோற்பவம் எழுதியிருந்தாள். அவளுக்கு என் நன்றி. அந்த ஜன்னலடியில் செங்கோல்மேரி இருந்து படிக்க ஒரு மேசை போட்டு வைக்கச் சொல். பொன்மலையில் கன்னியர் பள்ளிக்கூடம் கிட்டத்தில்தானே இருக்கிறது? செங்கோல்மேரி எதிர்த்துப் பேசுவாள், குரலை உயர்த்துவாள், சொன்ன பேச்சை முதல் தடவையில் கேட்கமாட்டாள். பொறுத்துக்கொள்ளுங்கள். என்னை வைத்துக்கொள்ள ஆயத்தமாக இருந்தவர்களுக்கு அது பெரிய காரியமாக இராது. அங்கே யாரும் அவளைச் சிலோன்காரி என்று கூப்பிடாமல் பார்த்துக்கொள்.

அவள் வந்து கதவைத் தட்டும்போது, நான்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துத் திற, மகனே. சர்வேசுரன் உன் வீட்டையும் உன் பிள்ளைகளையும் காப்பாராக. தேவமாதா உங்களுக்குத் துணையிருப்பாளாக.

உன்னை என்றும் நம்பியிருக்கும் அம்மா,
சலேத்தம்மாள்